அரைஸ்கேல் அளந்த பள்ளம்

அன்பும் பாசமும், அவ்வப்போது எங்கள் ஞாபகமும் உள்ள அண்ணாவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது. நம் வீட்டுக் குளியலறையில் நெடுங்காலம் பணியாற்றி, நீ குளிக்கும்போது தாளமாகவும் நான் குளிக்காதபோது சாட்சியாகவும் விளங்கிய நீல வாளி, கடந்த செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் பள்ளிக்கூட மதில் ஓரத்தில் அடிப்பாகம் பிளந்து அகால மரணம் அடைந்தது. அன்னாருக்கு ஒரு கைப்பிடியும் ஒரு குவளையும் உண்டு. கைப்பிடி என் மேசையில் இருக்கிறது. குவளை இப்போது ஒரு பழைய பெயிண்ட் டப்பாவோடு ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது.

கொலையாளி யார் என்பது ஊருக்கே தெரியும். அவனைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன், ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். தலைமையாசிரியரின் செருமலைப் பதிவு செய்து என் கைப்பேசியில் அழைப்பு மணியாக வைத்திருந்தேன். காலைக் கூட்டத்தில் அவர் மேடையில் ஒரு முறை செருமினார். உடனே என் பைக்குள்ளிருந்தும் செருமினார். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் செருமும் வல்லமை தனக்கு இல்லை என்று அவர் அப்பாவிடம் புகார் கொடுக்க, கைப்பேசி இப்போது அப்பாவின் அலமாரியில் சிறைவாசம் அனுபவிக்கிறது. வீட்டுத் தொலைபேசியில் பேசலாம் என்றால் அம்மா, அப்பா, அண்ணி மூன்று பேரும் சுற்றி நிற்பார்கள். நான் சொல்லப்போவதோ மூன்றாமவரைப் பற்றி. ஆகவே தபால்.

விஷயம் இதுதான். உன் மனைவி எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டப் போகிறார்.

நீ படித்த காலத்திலேயே பெருமழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் வாசல் வழியாக வந்து ஒன்றாம் வகுப்பில் உட்காருமே, அது இப்போதும் தவறாமல் பள்ளிக்கு வருகிறது. அதைத் தடுக்க, மதிலுக்கு அந்தப் பக்கம் உள்ள காலி இடத்தில் நகராட்சி ஓர் உறிஞ்சுகுளம் அமைக்கிறது. வடிகால் பிரிவுப் பொறியாளர் என்ற முறையில் வடிவமைக்கும் பொறுப்பு அண்ணியுடையது. குளம் என்றதும் படகு விடலாம் என்று நினைக்காதே. மழைத் தண்ணீர் அதில் போய் நிற்கும். ஒன்றிரண்டு நாளில் மண் குடித்துவிடும். மற்ற நாளெல்லாம் வெறும் புல்தரை. சும்மா கிடப்பதுதான் அந்தக் குளத்தின் வேலை. நான் சும்மா கிடந்தால் மட்டும் இந்த வீட்டில் ஏன் கத்துகிறார்கள் என்று புரியவில்லை.

அந்தக் காலி இடத்தின் பாதிதான் எங்கள் கால்பந்து மைதானம். நான் கோல் காக்கும் கம்பம், அண்ணியின் வரைபடத்தில் சரியாகக் குளத்தின் நடுவில் நிற்கிறது. சொந்தக் கொழுந்தனின் கோல் கம்பத்தை மூழ்கடிக்கும் அண்ணியை நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

சரி, கொலையாளிக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். ஒல்லி. குள்ளம். பென்சில் பெட்டியில் முழு ஸ்கேல் நுழையாது என்று பாதி ஸ்கேல் ஒன்று விற்பார்களே, அதை நிமிர்த்தி நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருப்பான். அரைஸ்கேல் என்று பெயர் வைத்தவன் நான்தான். இன்று அவன் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்க அண்ணி ஒரு சின்னக் குழி தோண்டி நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, இவன் மதில் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, "முதல் தடவை ஊத்தினது உடனே போயிருச்சே அக்கா, அப்ப மறுபடி எதுக்கு ஊத்துறீங்க?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். அண்ணி உருகிவிட்டார். "தாகமா இருக்கிற மண்ணு முதல்ல மடமடன்னு குடிக்கும்டா. அதை நம்பிக் குளம் கட்டக் கூடாது. வயிறு நிறைஞ்ச பிறகு எவ்வளவு குடிக்குதுங்கிறதுதான் கணக்கு" என்று அவனுக்குப் பாடம். அன்று முதல் தினமும் மாலையில் அவன் குழியருகே குந்தியிருந்து தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கிறான். நான் கேட்கிறேன், நான் இத்தனை வருஷமாகக் கேட்ட கேள்விகளுக்கு யாராவது உருகினார்களா?

நீ வேலைக்காக வெளியூர் போன நாளிலிருந்து மாலையில் அண்ணியும் நானும் கேரம் ஆடுவோம் என்பது உனக்குத் தெரியும். தோற்றால் அண்ணி ஒப்புக்கொள்ள மாட்டார். பலகை சாய்ந்திருக்கிறது என்பார், பவுடர் அதிகம் என்பார், கடைசியில் சிவப்புக் காயை மடியில் மறைத்துவிடுவார். இப்போது பலகை சுவரோடு சாய்ந்து நிற்கிறது. அண்ணி இருட்டும் நேரம்தான் வீட்டுக்கு வருகிறார், வந்ததும் "அந்தப் பையன் இன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறார். எனக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னாலும் தெரிவிக்கிறார்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். அண்ணியின் மஞ்சள் ஹெல்மெட்டை நான் கேட்டபோது "அது விளையாட்டுச் சாமான் இல்லை" என்றார் அல்லவா? அது இப்போது அவன் தலையில் இருக்கிறது. அவனுக்கு அது மூக்கு வரை இறங்குகிறது. நடந்து போனால் ஒரு மஞ்சள் கிண்ணத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறது. அவன் அண்ணியை அக்கா என்று கூப்பிடுவதால் உனக்கு அவன் மைத்துனன் ஆகிறான். வாழ்த்துகள்.

பொறாமை என்று எண்ணிவிடாதே. வயிற்றில் லேசாக எரிகிறது, அவ்வளவுதான். அம்மா செரிமான மாத்திரை கொடுத்தாள்.

வாளி விஷயம். குழிக்குத் தண்ணீர் சுமக்க அண்ணிதான் அதை எடுத்துப் போனார். செவ்வாயன்று அரைஸ்கேல் பள்ளிக் குழாயில் நிறைத்துத் தூக்கியதும் அடி கழன்று விழுந்தது. தண்ணீர் முழுவதும் அவன் காலில். "நான்தான் ரொம்ப நிறைச்சுட்டேன் போல, மன்னிச்சிருங்கம்மா" என்று வீடு தேடி வந்து அம்மாவிடம் சொன்னான். அம்மா அவனுக்கு பிஸ்கட் கொடுத்தாள். நான் எதையாவது உடைத்தால் எனக்கு இந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்பது உனக்கே தெரியும்.

குளம் முடிந்ததும் அண்ணி வேலை மாற்றல் வாங்கிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுவார் என்று அப்பா சொன்னார். மழைக்காலத்துக்குள் முடித்துவிடுவார்களாம். வீடு கிடைத்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. அம்மா கேட்கிறாள்.

இப்படிக்கு,
வாளியை இழந்து வாடும் உன் தம்பி


அன்புள்ள அண்ணாவுக்கு, நாவன்மை மிக்க தம்பி எழுதுவது.

நீ அனுப்பிய பதில் நாலே வரிதான் இருந்தது. அதில் இரண்டு வரி "அண்ணியைத் தொந்தரவு செய்யாதே." நான் என்ன தொந்தரவு செய்தேன்? அண்ணியைப் பார்த்தால்தானே தொந்தரவு செய்ய முடியும்.

இங்கே ஒரு சரித்திர நிகழ்ச்சி நடந்தது. பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டு, குளத்தை எப்படிக் கட்டுவது என்று பேசினார்கள். இரண்டு வழி. முதலாவது, ஆளுயர ஆழம், செங்குத்தான கரை, சுற்றிலும் உயரமான கம்பி வேலி. இடம் கொஞ்சம்தான் பிடிக்கும், மைதானம் தப்பிக்கும். காண்ட்ராக்டருக்கும் தலைமையாசிரியருக்கும் இதில்தான் ஆசை. இரண்டாவது அண்ணியுடையது. முழங்கால் ஆழம், அகலமான குளம், ஓர் அடி இறங்க நாலு அடி நடக்க வேண்டிய அளவுக்குச் சாய்வான கரை. யார் தவறி உள்ளே போனாலும் நடந்தே வெளியே வந்துவிடலாம். ஆனால் என் கோல் கம்பம் காலி.

அணித் தலைவன் என்ற முறையில் எழுந்தேன். அண்ணா, நீ பார்த்திருக்க வேண்டும். "விளையாட்டு இல்லாத பள்ளி, உப்பில்லாத உணவு. உப்பு வேண்டுமா, உப்பிய குளம் வேண்டுமா?" என்று கேட்டேன். கைதட்டல். ஆழக் குளமே போதும், வேலி போட்டால் பாதுகாப்பு தானாக வந்துவிடும், பூட்டின வீட்டுக்குள் யாராவது போவார்களா என்று அடுக்கினேன். காண்ட்ராக்டர் எழுந்து என் முதுகில் தட்டினார்.

அப்போது ஹெல்மெட் எழுந்தது. உள்ளே அரைஸ்கேல் இருந்தான். "வேலி போட்டாலும் பந்து தாண்டி விழும்ல? பந்து விழுந்தா ஏறிக் குதிச்சு எடுக்கப் போவாங்க. என் தங்கச்சி ஒண்ணாப்பு படிக்குது. பந்து எங்க போனாலும் பின்னாடியே ஓடும். ஈரக் கரை வழுக்கும். அப்புறம் வெளிய வர முடியாதே" என்றான். முன்வரிசை அம்மாக்கள் தலையாட்டினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே, "தம்பி, உன் உயரத்துக்கு வாளியே ஒரு குளம்தான். அதனால்தான் எங்கள் வீட்டு வாளியை உடைத்துவிட்டாயா?" என்றேன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஹெல்மெட் உட்கார்ந்துவிட்டது. சிரிக்காத ஒரே ஆள் அண்ணி.

கூட்டம் முடிந்ததும் காண்ட்ராக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆழமாப் போடுறதுன்னா மேல எழுதி அனுமதி வாங்கணும், வேலிக்குத் தனியா டெண்டர் விடணும். வேலை முடிய அடுத்த வருஷம் ஆயிரும், பரவாயில்லையா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கென்ன, அடுத்த வருஷம் வரை மைதானம் எங்களுக்குத்தானே என்றேன். ஒரு வருஷம் என்பது நல்ல நீளமான காலம். அதில் எத்தனையோ ஆட்டம் ஆடலாம்.

தலைமையாசிரியர் ஆழத்தின் பக்கமே சாய்ந்துவிட்டார். அண்ணி மட்டும், ஒரு மழை பெய்யட்டும், அதன் பிறகு முடிவு சொல்லுங்கள் என்று அவகாசம் கேட்டிருக்கிறார். காண்ட்ராக்டர் அதற்குள், ஆழக் குளம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஒரு மூலையில் இயந்திரத்தை வைத்து மாதிரிப் பள்ளம் ஒன்றே தோண்டிவிட்டார். சுற்றிலும் ஒரு பிளாஸ்டிக் நாடா கட்டியிருக்கிறார். அண்ணிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "இப்படித் திறந்து போடுறதா? நாளைக்கே மூடுங்க" என்று சத்தம் போட்டார். நாளை மறுநாள் என்றார் அவர். இப்போதும் நாளை மறுநாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அண்ணி என் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நல்லாப் பேசுனீங்க" என்றார். அண்ணா, "பேசுனீங்க." திருமணமாகி வந்த முதல் வாரத்திலிருந்து என்னை "டேய்" தவிர வேறு எதுவும் சொல்லாதவர். "பால் குடிக்கிறீங்களா?" என்கிறார். "விளக்கை அணைச்சுடுங்க" என்கிறார். நம் வீட்டுக்கு நானே விருந்தாளியாக வந்த மாதிரி இருக்கிறது. அரைஸ்கேல் மட்டும் இன்னும் "டா".

நீ வீடு பார்த்துவிட்டதாகப் போனில் சொன்னாயாம். மாடி வீடாம், காற்று வருமாம். நல்லது. அம்மா ஒரு பெட்டியை வெயிலில் காயவைத்தாள். அந்தப் பெட்டியில் என் பழைய பட்டங்கள் இருந்தன. எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள்.

வேறு செய்தி இல்லை. மழை வரும் போலிருக்கிறது.

இப்படிக்கு,
கூட்டத்தை வென்று வீட்டில் தோற்ற உன் தம்பி


பராக்! பராக்! பள்ளியைக் காத்த பெருமகன், ஒன்றாம் வகுப்பின் காவலன், சரிவுகளின் சக்கரவர்த்தி ஆகிய உன் தம்பி, தன் தமையனுக்கு எழுதும் மடல்.

அண்ணா, குளம் முடிவாகிவிட்டது. அண்ணியின் அகலக் குளமேதான். முடிவாகக் காரணம் யார் தெரியுமா? இதைப் படிக்கும்போது நீ எழுந்து நின்றால் நன்றாக இருக்கும்.

மழைக்குப் பிறகு மறுபடி கூட்டம் போட்டார்கள். இந்த முறையும் நான் எழுந்தேன். காண்ட்ராக்டர் கைதட்டத் தயாராக இருந்தார். நான் சொன்னேன்: செங்குத்துக் கரை கூடவே கூடாது. நனைந்த மண்ணில் பிடி கிடைக்காது, பிடித்த இடமெல்லாம் கையோடு பெயர்ந்து வரும். என் உயரம் உள்ளவனே ஏற முடியாது, ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? "இதை எப்படிக் கணக்குப் போட்டே?" என்று தலைமையாசிரியர் செருமிக்கொண்டே கேட்டார். "நேரடி ஆய்வு ஐயா" என்றேன். அவர் என் கையைக் குலுக்கினார். செருமல் வழக்கிலிருந்தும் என்னை விடுவித்துவிட்டார். கைப்பேசி இன்னும் இரண்டு வாரத்தில் விடுதலை.

குளம் எப்படி அமையப்போகிறது என்றால், தெருத் தண்ணீர் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் விழும். மண்ணும் குப்பையும் அங்கேயே தங்கும். இல்லாவிட்டால் குளத்தின் அடியில் வண்டல் படிந்து மண்ணின் வாயை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீர் கற்கள் மேல் தவழ்ந்து குளத்துக்குள் போகும். முழங்காலுக்கு மேல் ஏறினால், வகுப்பறைக்கு எதிர்த்திசையில் உள்ள வாய்க்காலில் வழிந்து ஓடும். கொசு முட்டையிட்டு, புழுவாகிப் பறப்பதற்குள் தரை காய்ந்துவிடும் என்பதை அளந்தே காட்டிவிட்டார்கள். கரையில் புல். சுற்றிலும் இடுப்பளவு செடிவேலி, ஆசிரியர்கள் எட்டிப் பார்க்கத் தோதாக. மைதானத்தை அப்படியே குறுக்கே திருப்பிப் போட்டால் கோல் கம்பத்துக்கும் இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்தது அரைஸ்கேல். வரைபடத்தின் மேல் ஸ்கேலைக் குறுக்கே திருப்பி வைத்துப் பார்த்தானாம்.

குளத்தின் அடியில் மட்டும் யாரும் ஆட்டம் போடக் கூடாதாம், இயந்திரமும் ஏறக் கூடாதாம். மிதித்தால் மண் இறுகித் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் என்றார் அண்ணி. மிதித்தால் வாய் மூடும் என்றால் இவனையும் ஒரு தடவை மிதித்துப் பார்க்கலாம் என்றாள் அம்மா, என்னைக் காட்டி.

உன் தம்பியின் புகழ் இதோடு முடிகிறது.

இங்கேயே கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டியும் விட்டேன். பிறகு பிரித்தேன். உறையின் ஓரம் கிழிந்திருப்பதைப் பார்த்திருப்பாய்.

நேரடி ஆய்வு என்றேன் அல்லவா? அது இப்படி நடந்தது. மழை விட்ட அன்று மாலை, காண்ட்ராக்டரின் மாதிரிப் பள்ளத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. அதில், கரையிலிருந்து கையெட்டும் தூரத்தில், அளவு குறித்த ஒரு கம்பத்தை அண்ணி முன்பே நட்டிருந்தார். நாடாவுக்கு வெளியே நின்று பார்த்து அளவு சொல்ல வேண்டியது அரைஸ்கேலின் வேலை. அவன் வருவதற்குள் அந்தக் கம்பத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடலாம் என்று போனேன். அட்டையில் "எச்சரிக்கை. இங்கே முதலை உள்ளது. ஹெல்மெட் போட்டவர்களை மட்டும் கடிக்கும்" என்று எழுதி, பல் இளிக்கும் ஒரு முதலையும் வரைந்திருந்தேன். முதலை நன்றாகவே வந்திருந்தது.

கரையில் ஒரு கால் வைத்தேன். அடுத்த நொடி உள்ளே இருந்தேன். தண்ணீர் நெஞ்சு வரை. அட்டையை மாட்டினேன், வந்த வேலையை விடக் கூடாது என்று. பிறகு ஏறப் பார்த்தேன். சுவர் மாதிரி நின்ற கரையில் கை வைத்தால் ஒரு கட்டி மண் என்னோடு கீழே வருகிறது. கால் வைத்தால் செருப்பு சேற்றுக்குள் போய்விடுகிறது. கத்தினேன். பள்ளி விட்டு எல்லோரும் போயிருந்தார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் குளிர் எடுத்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. என் நெஞ்சு வரை என்றால் அவன் தங்கைக்கு எதுவரை என்று தோன்றியது. அந்தக் கணக்கைப் போடாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அப்புறம் மேலே மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்த்தது. அட்டையைப் படித்தது. என்னைப் பார்த்தது. "அண்ணா, முதலை நீங்களா?" என்றது.

கேலி இல்லை அண்ணா. உண்மையாகவே கேட்டான். பக்கத்தில் வந்து கையைக் கொடுடா என்று கத்தினேன். வரவில்லை. "கை குடுத்தா ரெண்டு பேரும் உள்ள போயிருவோம். ஏதாவது பொருளைத்தான் நீட்டணும்னு அக்கா சொல்லியிருக்காங்க. அங்கயே நில்லுங்கண்ணா" என்று ஓடினான். ஓடிப் போய் என் கோல் கம்பத்திலிருந்த வலையை அவிழ்த்துக்கொண்டு வந்தான். ஒரு முனையை வேப்பமரத்தில் மூன்று சுற்றுக் கட்டி, மறுமுனையை உள்ளே வீசினான். அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தேன். இந்த ஆண்டு அந்த வலைக்குள் ஒரு பந்தையும் விடவில்லை என்று பெருமை பேசுவேனே, கடைசியில் உள்ளே போன ஒரே பந்து நான்தான்.

யாரிடமும் சொல்லாதே என்றேன். "சொல்லலை. ஆனா நாளைக்குக் காலைல சின்னப் பசங்க மதில் ஓட்டை வழியா இங்கதான் வருவாங்க. அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டான். கேலி செய்யக்கூட எதுவும் தோன்றவில்லை. அவனை மதில் ஓட்டையில் காவல் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வெறுங்காலோடு நின்று, "அண்ணி, அந்தப் பள்ளத்தை இப்பவே மூடணும்" என்றேன். ஏன் என்று கேட்டார். சும்மா தோன்றியது என்றேன். அண்ணி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். போனை எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டார். அவர் ஆளும் பலகையும் கொண்டுவரும் வரை திரும்பி ஓடிய நானும் அரைஸ்கேலும் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரைஸ்கேல் ஹெல்மெட்டைக் கழற்றி, "நீங்க போட்டுக்கங்கண்ணா, எனக்குக் கண்ணை மறைக்குது" என்றான். போட்டுப் பார்த்தேன். எனக்குப் பற்றவில்லை. என் தலைக்குள் ஒன்றுமில்லை என்பவர்கள் கவனிக்கவும்.

மறுநாள் பள்ளத்தை மண் போட்டு மூடுவதற்கு முன் தண்ணீரை இறைத்தபோது என் செருப்பு கிடைத்திருக்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்தால் வாசலில் கழுவி வைத்திருக்கிறது. உள்ளேயிருந்து அண்ணியின் குரல்: "டேய் முதலை, கேரம் பலகையை எடு." அந்த "டேய்" காதில் விழுந்ததும் நான் முகம் கழுவப் போய்விட்டேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

இன்னொன்று. போன கடிதத்தில் மைதானத்துக்காகப் பேசினேன் என்று எழுதியிருந்தேன். பேசும்போது அதற்காகத்தான் பேசினேன். ஆனால் காண்ட்ராக்டர் அடுத்த வருஷம் ஆகும் என்றாரே, அப்போது எனக்குக் கோல் கம்பம் ஞாபகமே வரவில்லை. உன் புது வீடுதான் வந்தது. அதில் காற்று வரும் மாடியில் நீங்கள் இரண்டு பேரும் கேரம் ஆடுவது வந்தது. அரைஸ்கேல் மேல் எரிந்ததெல்லாம் பாதிதான் அண்ணா. மீதியை யார் மேல் என்று எழுத மாட்டேன். நீ புத்திசாலி.

ஆகவே சில வேண்டுகோள்கள். அண்ணி வந்ததும் ஜன்னல் பக்கமாக ஒரு மேசை போடு, வரைபடம் விரிக்கிற அளவுக்குப் பெரியதாக. கேரம் ஆடும்போது சிவப்புக் காய் காணாமல் போனால் தேடாதே, மடியில்தான் இருக்கும், தெரியாத மாதிரி இரு. பலகை சாய்ந்திருக்கிறது என்றால் ஆமாம் என்று சொல். அண்ணி "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்தால் ஏதோ தப்பு செய்திருக்கிறாய், உடனே போய் மன்னிப்புக் கேள், என்னைப் போல் மழை வரும் வரை காத்திருக்காதே. நல்லா இருங்கள் இரண்டு பேரும். விடுமுறைக்கு என்னைக் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டாலும் வருவேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: வாளியை அரைஸ்கேல் உடைக்கவில்லை. அன்று மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணியும் அவனும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்க்க உயரம் பற்றவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றேன். காலடியில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்த்தி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டேன். அதன் பிறகுதான் அவன் அதில் தண்ணீர் பிடித்தான். நாளைக்கு அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன். நீ ஒரே ஓர் உதவி செய். அன்று அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று அண்ணியிடம் கேட்டு எழுது. நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாதே.